பத்து நிமிடப் பயிற்சியை நாளில் எங்கே செருகுவது?

வயது 38, காலை 9 முதல் மாலை 6 வரை உட்கார்ந்தே வேலை. பிள்ளைகளுக்கு 6, 2 வயது. நான்கு மாதமாக உடற்பயிற்சி தொடங்குவதும் பத்தே நாளில் நிற்பதுமாக இருக்கிறது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, மாலையில் இடுப்புப் பிடிப்பு. மருத்துவரிடம் காட்டியாயிற்று, கோளாறு இல்லை, அசையாமல் இருப்பதுதான் காரணம் என்றார்.

காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். பாயை விரிக்கும் சத்தத்துக்கே சின்னவள் விழித்துக்கொள்கிறாள். நான் முன்கைகளை ஊன்றி உடலை நேராக வைத்திருக்கும் பிளாங்க் பயிற்சியில் இருக்கும்போது முதுகில் ஏறி உட்கார்ந்து "ஓடு" என்கிறாள். (எடைப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.) இரவில் செய்தால் எனக்குத் தூக்கம் வர நள்ளிரவாகிறது. மதிய நடை நன்றாகத்தான் இருந்தது, அலுவலகக் கூட்டங்கள் விழுங்கிவிட்டன.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற நிபந்தனை 2020 வழிகாட்டுதலில் இல்லை. சரி, நடையைத் துண்டு துண்டாகச் சமாளித்துவிடுவேன். சிக்கல் தசைப் பயிற்சியில்தான்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்களே, ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்அப் போன்றவற்றை அன்றாடம் எந்த வேலையோடு சேர்த்து விடாமல் செய்கிறீர்கள்?