ஐந்தாம் வார்டும் பச்சைக் கேட்டுப் பூட்டும்

தென்னந்தோப்பு:
நேற்று கள்ளுக்கடை முக்கில் ஒருத்தர் அடித்துப் பேசுகிறார். ஐந்தாம் வார்டில் சுயேச்சையாக மனு கொடுத்த நம் அண்ணனுக்கு ஓட்டு ஏழாம் வார்டில் இருக்கிறதாம், அதனால் மனு தள்ளுபடியாம். தெரியாவிட்டால் சும்மா இருங்கள். 1994 கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, அதே பஞ்சாயத்தில் எந்த வார்டுப் பட்டியலில் பேர் இருந்தாலும் போதும், 21 வயது ஆகியிருந்தால் எந்த வார்டிலும் நிற்கலாம். முன்மொழிகிறவருக்குத்தான் அந்த வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும். முன்மொழிந்தது நான். என் ஓட்டு ஐந்தில்தான்.

வேலந்தாவளம் பஸ்:
முன்மொழிந்ததே நீங்கள்தானா! சரி, வக்காலத்து ஏன் என்று புரிந்தது. சட்டம் கிடக்கட்டுங்க. அவர் வீட்டுப் பச்சைக் கேட்டில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? பூட்டிலிருந்து கம்பி வரை சிலந்தி வலை கட்டியிருக்கிறது. ஆள் தூங்குவது பொள்ளாச்சியில்.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர் பொள்ளாச்சிக்குப் போகாமல் காசிக்கா போவார்? இந்த ஊரில் பாதிப் பேர் காலையில் எல்லை தாண்டிப் போய் ராத்திரி வருகிறவர்கள்தான். இன்னொன்று, அந்த வீடு போன தடவை வரைக்கும் ஐந்தாம் வார்டு. 2025 தேர்தலுக்கு முன்னால் வார்டைத் திருத்தினார்களே, அப்போதுதான் ஏழுக்குப் போனது. வீடு நகரவில்லை சார், கோடுதான் நகர்ந்தது.

வேலந்தாவளம் பஸ்:
தினமும் திறக்கிற பூட்டில் சிலந்தி எப்படி வலை கட்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்.

மூலத்தறை:
பூட்டை விடுங்கப்பா. அவர் நோட்டீசில் 'ஆளியாற்றுத் தண்ணீரை முழுசாக வாங்கித் தருவேன்' என்று இருக்கிறது. 1970இல் தமிழ்நாடும் கேரளமும் போட்ட ஒப்பந்தம் அது, மணக்கடவு தடுப்பணையில் நமக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மந்திரிகளே கடிதம் போட்டு ஓய்ந்த விஷயத்தை வார்டு மெம்பர் வாங்கித் தருவாராம். முதலில் தெருவிளக்கை எரிய வைக்கட்டும்.

ஓய்வு வாத்தியார்:
அதே நோட்டீசில் 'வேட்ப்பாளர்' என்று ஒற்று போட்டிருக்கிறது. மூன்று இடத்தில். தமிழ் பேசுகிற வார்டுக்கு வாக்குச்சீட்டையே தமிழிலும் அடித்துத் தருகிறார்கள், நாம் நம் எழுத்தை இப்படி எழுதினால் தமிழ் மீடியத்துக்கு வாத்தியார் கேட்க எந்த முகத்தோடு போவது?

தென்னந்தோப்பு:
ஒற்றுப் பிழை அச்சகத்துக்காரன் செய்தது. வாத்தியாரய்யா, 2020இல் நீங்கள் நின்றபோது என் வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான் விழுந்தது, நன்றி சொல்ல ஒரு நாள் எங்கள் சந்துக்கு வந்தீர்களா? போன மெம்பரும் அப்படித்தான். கிராம சபைக்கு வார்டு வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு பேர் வர வேண்டும், ஆள் சேரவில்லை என்று வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினார். என் அம்மா அடுப்படியில் மாவுக் கையோடு போட்ட கையெழுத்து அது. அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை, இப்போது ஒருவர் 2,000 ரூபாய் டெபாசிட் கட்டி நின்றால் பூட்டு, சிலந்தி, ஒற்று!

ஓய்வு வாத்தியார்:
நாலு ஓட்டா? அந்தப் பூத்தில் எனக்கு விழுந்ததே மூன்று.

மூலத்தறை:
😂😂

தென்னந்தோப்பு:
எண்ணியதில் தவறு இருக்கும்.

வேலந்தாவளம் பஸ்:
நேற்று ராத்திரி எட்டரைக்கு அந்தப் பக்கம் போனேன். வலை இல்லை. பூட்டும் மாறிவிட்டது, புதுசு, எண்ணெய் மினுமினுக்கிறது. இங்கே எழுதிய பிறகுதான் இந்த வேலை நடந்திருக்கிறது.

தென்னந்தோப்பு:
புதுப் பூட்டு என்றால் வீட்டில் ஆள் புழங்குகிறது என்றுதானே அர்த்தம்?

வேலந்தாவளம் பஸ்:
ராத்திரி எட்டரைக்கு வெளிப்பக்கம் பூட்டியிருந்ததுங்க.