சுற்றுலாப் பணத்தில் கவுண்டிக்குள் தங்குவது எவ்வளவு?

கேள்வி: அமெரிக்கக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) ஒன்றுக்குச் சுற்றுலாவால் கிடைக்கும் பலனைக் கணக்கிட வேண்டும். கையில் இருப்பது விடுதி வரி வசூல் விவரமும் பயணிகளிடம் எடுத்த ஒரு சிறிய சர்வேயும்தான். மொத்தச் செலவை ஒரு பெருக்கியால் (ஒரு டாலர் செலவு ஊருக்குள் சுற்றி எத்தனை டாலர் ஆகிறது என்று காட்டும் எண்) பெருக்கினால் போதுமா? விளம்பரக் குழு சொல்லும் தொகை நம்பும்படி இல்லை.

பதில் 1: பெருக்கிக்கு அவசரப்படாதீர்கள். முதலில் வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உதாரணமாக, வரி 6%, வசூல் 3 லட்சம் டாலர் என்றால் வரிக்குட்பட்ட அறை வருமானம் 50 லட்சம். சர்வேயில் செலவில் கால்வாசி அறைக்குப் போகிறது என்று வந்தால், விடுதியில் தங்கியவர்களின் மொத்தச் செலவு 2 கோடி. காலையில் வந்து மாலையில் திரும்புபவர்களையும் உறவினர் வீட்டில் தங்குபவர்களையும் தனியாகப் போடுங்கள். விடுதியில் தங்குபவரின் செலவை அவர்கள் தலையிலும் கட்டினால் கணக்கு ஊதிவிடும்.

வரித் தரவிலும் ஓட்டை உண்டு. பல மாநிலங்களில் 30 நாளுக்கு மேல் தங்குபவருக்கு இந்த வரி கிடையாது.

உள்ளூர்க்காரர் செலவை நீக்கிவிடுங்கள். ஊர் விழா போன்றவற்றுக்கு வராவிட்டாலும் அந்தப் பணத்தை அவர் கவுண்டிக்குள்ளேயேதான் செலவழித்திருப்பார். பல ஆய்வுகள் 50 மைலுக்கு அப்பாலிருந்து வருபவரையே பயணி என்கின்றன.

பதில் 2: அடுத்த தவறு மார்ஜின், அதாவது கடைக்காரர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். பயணி 100 டாலருக்குப் பெட்ரோல் போட்டால் அந்த 100 டாலரும் கவுண்டிக்கு வந்ததாக எழுதிவிடுகிறார்கள். எண்ணெய் எங்கோ சுத்திகரிக்கப்பட்டது. உள்ளூரில் நிற்பது பங்க்காரரின் மார்ஜின் மட்டும். நினைவுப்பொருளும் அப்படித்தான். அறை வாடகை, உணவகம், வழிகாட்டி போன்ற சேவைகளை முழுத் தொகையாகவே போடலாம்.

அதன்பிறகுதான் பெருக்கி. அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் தரும் ரிம்ஸ் 2 என்ற பெருக்கித் தொகுப்பில் கவுண்டி அளவிலேயே கிடைக்கும். டைப் 1-இல் சப்ளையர்கள் வரை, டைப் 2-இல் ஊழியர்கள் வீட்டுச் செலவும் சேரும். மாநிலப் பெருக்கியைக் கவுண்டிக்குப் போடவே கூடாது. பகுதி சிறுத்தால் கசிவு (வெளியூருக்குப் போய்விடும் பணம்) கூடும், பெருக்கி குறையும். அறிக்கையில் மொத்த உற்பத்தியைத் தலைப்பாக்காமல், ஊழியர் வருமானத்தையும் கூட்டு மதிப்பையும் (விற்பனையில் வாங்கிய சரக்கின் விலையைக் கழித்தது) முன்னால் வையுங்கள். மொத்த உற்பத்தியில் உணவகத்துக்குக் காய்கறி விற்றவரின் தொகை ஒருமுறை, சாப்பாட்டு பில்லுக்குள் இன்னொருமுறை என இரண்டு தடவை வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. வேலைவாய்ப்பு எண்ணை அப்படியே போடலாமா?

பதில் 2: ஒரு குறிப்போடு போடுங்கள். ரிம்ஸ் 2 முழுநேரம், பகுதிநேரம் இரண்டையும் ஒரு வேலை என்றே எண்ணும். சீசன் ஊர்களில் இது ஆளை நன்றாகவே ஏமாற்றும்.

பதில் 3: செலவுப் பக்கத்தையும் எழுதுங்கள், சார். கழிவுநீர் நிலையத்தை ஆண்டுச் சராசரிக்குக் கட்ட முடியாது, உச்ச நாளுக்குத்தான் கட்டியாக வேண்டும். 10,000 பேர் வாழும் ஊரில் உச்ச நாளில் இன்னும் 30,000 பேர் வந்தால், கொள்ளளவு 40,000 பேருக்கு. அதைப் பன்னிரண்டு மாதமும் பராமரிப்பது அந்த 10,000 பேரின் பில். விடுதி வரி இருக்கிறதே என்பார்கள். பல மாநிலங்களில் அதை எதற்குச் செலவிடலாம் என்று சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. கொலராடோவில் கவுண்டி விடுதி வரி விளம்பரத்துக்கு என்றே இருந்தது. 2022-இல்தான், வாக்காளர் ஒப்புதலோடு, சுற்றுலா ஊழியர்களின் வீட்டுவசதிக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் செலவிட வழி திறந்தார்கள். உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு வரி வருமானத்தை வரவில் வையுங்கள்.