பெருஞ்சீரகம் பூக்குது, ஆனால் விதை எல்லாம் சப்பி. உதவி தேவை

கோண்டாவில் வளவு:
வணக்கம். கறித்தூளுக்குப் பெருஞ்சீரகத்தை வளவிலேயே எடுக்கவேணும் எண்டு எனக்குக் கனநாள் ஆசை. கார்த்திகை முடிவில கிணத்தடிப் பாத்தியில விதை போட்டனான். பத்து நாளில முளைச்சு, இப்ப பங்குனியில என்ர நெஞ்சளவுக்கு நிக்குது. மஞ்சள் பூ குடை குடையாப் பூக்குது. பூ கொட்டினால் விதை பிடிக்குதில்லை. பிடிச்சதும் சூம்பிக் கறுக்குது, நசுக்கினால் உள்ளுக்க ஒண்டும் இல்லை. மாட்டெரு தாராளமாப் போட்டிருக்கிறன், தண்ணியும் குறைவில்லை. பன்னிரண்டு செடி. பிடுங்கத்தான் வேணுமோ?

இணுவில் அக்கா:
பிடுங்காதேங்கோ தங்கச்சி. பூக்காம்பு பிசுபிசுக்குதோ? எறும்பு ஏறுதோ? பூத்த பிறகு மருந்து ஏதும் அடிச்சனீங்களோ?

கோண்டாவில் வளவு:
ஓம் அக்கா, எறும்பு வரிசையா ஏறுது. கத்தரிக்கு வாங்கின மருந்து மிச்சம் கிடந்தது. மூண்டு தரம் அடிச்சிட்டன், காலமை நேரம்.

இணுவில் அக்கா:
காரணம் ரண்டும் அதுக்குள்ளயே இருக்கு. எறும்பு வாறது அழுக்கணவன் எண்ட சின்னப் பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்கு. அது பூக்காம்பில இருந்து சாறை உறிஞ்சினால் விதை சூம்பும். மற்றது மருந்து. பெருஞ்சீரகப் பூவில மகரந்தம் கொட்டின பிறகுதான் அதை ஏற்கிற சூல்முடி முதிரும். அதால வேற பூவில இருந்து மகரந்தம் வரவேணும், கொண்டு வாறது தேனீயும் ஈயும். காலமை மருந்து அடிச்சால் அதுகளைத்தான் கொல்லுறியள். பொறிவண்டும் சேந்து செத்துப்போகும், அழுக்கணவனைத் தின்னுறதே அதுதான்.

மருந்து பட்ட குடைகளை வெட்டி எறியுங்கோ. அந்த விதை கறித்தூளுக்குப் போகவே கூடாது. மிச்சத்துக்குக் காலமையில தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவுங்கோ. நடுக்குடை முதல் பூத்தாலும் பக்கக் கிளைகளில இன்னும் வரும், நம்பிக்கையை விடாதேங்கோ.

உரும்பிராய் தோட்டம்:
எருவையும் நிப்பாட்டுங்கோ பிள்ளை. எரு கூடினால் இலை கொழுக்கும், இளந்தண்டு மெதுமெதுவெண்டு இருக்கும், அழுக்கணவனுக்கு அதுதான் விருந்து. விதை பிடிச்ச பிறகு தண்ணியையும் குறையுங்கோ.

சென்னையிலிருந்து:
பெருஞ்சீரகம்னா சோம்புதானே?

இணுவில் அக்கா:
ஓம், அதேதான். சின்னச்சீரகம் வேற செடி.

கோண்டாவில் வளவு:
பக்கக் குடைகளில விதை பிடிச்சிட்டுது! நசுக்கினால் நல்ல வாசம். எப்ப வெட்டுறது?

உரும்பிராய் தோட்டம்:
கடும்பச்சை மாறி லேசா மஞ்சள் தட்டேக்க. முழுக்கக் காயவிட்டால் நிலத்தில கொட்டிப்போகும். எல்லாக் குடையும் ஒரேநாள் முத்தாது, அதால நாலைஞ்சு நாளுக்கு ஒருக்காப் பார்த்துப் பார்த்துக் காம்போட வெட்டுங்கோ. வெயிலில போடாமல் நிழலில சாக்கு விரிச்சுக் காயவிட்டால் பச்சை நிறமும் மணமும் நிக்கும். பிறகு கையால கசக்கிச் சுளகில புடையுங்கோ.

கோண்டாவில் வளவு:
அரைச் சுண்டு வந்திருக்கு. நீங்கள் எல்லாரும் மினக்கெட்டுச் சொன்னதால கிடைச்சது. ஒரு பிடி விதைக்கு எடுத்து வைச்சிட்டன். அடுத்தமுறை ஐப்பசியிலயே போடலாமோ?

இணுவில் அக்கா:
போடலாம், அப்பதான் தை, மாசிப் பனியில பூக்கும். ஆனால் அடைமழைக்கு நாத்து அழுகும், தாவாரத்துக்குள்ள வைச்சு வளருங்கோ. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் வேர் முறியும். ஆழமான கடதாசிக் கூட்டில ரண்டு விதை போட்டு, மழை விட்டதும் கூட்டோடயே தாட்டுவிடுங்கோ.