மெசியானிசத்துக்குத் தமிழில் என்ன? ‘வருநர்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். உலகைச் சீர்படுத்த ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருக்கும் நம்பிக்கைதான் மெசியானிசம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> ‘மீட்பர் கொள்கை’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஆசிரியர் ஐயா, புரிந்துவிடும் என்பதுதான் தொல்லை. மீட்பர் என்றால் கொழிஞ்சாம்பாறையிலும் சரி, கோயம்புத்தூரிலும் சரி, இயேசு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பாவத்திலிருந்து மீட்பவர் என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிப்போய்விட்டது. யூதர்கள் எதிர்பார்க்கும் மெசியா தாவீதின் வழியில் வரும் மனித அரசர். சிதறிய மக்களைத் திரட்டி எருசலேமில் கோயிலைக் கட்டுபவர். அவர் அற்புதம் எதுவும் செய்துகாட்ட வேண்டியதில்லை, உலகம் தன் வழக்கப்படியே நடக்கும் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் எழுதிவைத்தார். முஸ்லிம்கள் எதிர்பார்க்கும் மஹ்தியும் மனிதரே. நபியின் குடும்பத்தில் வந்து, அநீதி நிறைந்த பூமியை நீதியால் நிரப்புவார் என்பது ஹதீஸ், அதாவது நபிமொழி. (அந்தப் பெயர் குர்ஆனில் இல்லை.) இதே காரணத்தால் ‘அவதாரம்’, ‘கல்கி’ இரண்டையும் பேச்சிலேயே எடுக்க வேண்டாம்.

> சொல்லுக்குச் சொல் ‘திருப்பொழிவு பெற்றவர்’?

எபிரேயத்தில் மாஷியா என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். அந்த வகையில் சரி. ஆனால் ஏசாயா 45ஆம் அதிகாரம் பாரசீக அரசன் கோரேசுக்கும் அதே பட்டத்தைத் தருகிறது. அரபியில் இன்னும் சிக்கல். ஈஸா நபி, அதாவது இயேசு, அல்மஸீஹ். மாஷியாவுக்கு ஈடான அரபுச் சொல் அது. கடைசிக் காலத்தில் அவர் இறங்கி வந்து லுத்து நகர வாசலில் கொல்லப்போகும் பொய்யனும் அல்மஸீஹ் அத்தஜ்ஜால்! அவனுக்கு ஒரு கண் துடைத்தெடுத்ததுபோல் இருக்கும், அதனால் அந்தப் பெயர் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். நாம் அகராதியை வைத்துப் பெயர்த்தால் தஜ்ஜாலுக்கும் திருப்பொழிவு நடத்திவிடுவோம். புதுநகரத்தில் எங்கள் ராவுத்தர் தெருப் பெரியவர்கள் அதற்கப்புறம் என்னைத் திண்ணையில் உட்காரவிட மாட்டார்கள்.

போன வாரம் நான் முன்வைத்தது ‘வருநர்’. பெறுநர், ஓட்டுநர் போல அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே மகிழ்ந்துகொண்டிருந்தேன். வண்டிப்பெரியாறு அம்மா அதை இரண்டே வரியில் முடித்துவிட்டார்:

> தஜ்ஜாலும்தானே வருகிறான்? அப்புறம், ஷியாக்களின் பன்னிரண்டாம் இமாம் எங்கே போனார், வருவதற்கு?

அம்மா சொல்வது சரி. அவர்கள் நம்பிக்கைப்படி மஹ்தியாகிய அந்த இமாம் 874 முதல் மறைந்திருக்கிறார். 941 வரை தூதர்கள் வழியே தொடர்பு இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அவர் மறைவிலிருந்து வெளிப்படுவார் என்றுதான் சொல்வார்கள். சுன்னிகளிடம் மஹ்தி இனிமேல் பிறக்க வேண்டியவர். ஈஸா நபியோ திரும்பி வருபவர். யூதர்களுக்கு முதல் வருகையே இன்னும் ஆகவில்லை. ஆக, வருபவரை வைத்துப் பொதுச்சொல் கட்டினால் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிறது.

அதனால் வருபவரை விட்டுவிட்டு, வாசலில் நிற்பவர்களைப் பார்ப்போம் என்கிறேன். எல்லாரும் செய்வது ஒன்றுதான். ‘அவர் தாமதித்தாலும் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருக்கிறேன்’ என்பது யூத வழிபாட்டில் சொல்லும் உறுதிமொழி. ஷியாக்கள் இதற்கு இன்திளார் என்பார்கள். இமாமுக்கே அல்முன்தளர், எதிர்பார்க்கப்படுபவர், என்று பட்டம். அந்த அரபுச் சொல்லின் வேர் ‘பார்’ என்பது. இதைப் படித்ததும் எனக்குக் குறள் 86 நினைவுக்கு வந்தது: ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’. வள்ளுவர் சொன்னது விருந்தோம்பலைத்தான், அதை இழுத்து வேறு பொருள் ஏற்றவில்லை. ஆனால் வினை அப்படியே பொருந்துகிறது. தஜ்ஜாலை யாரும் பார்த்திருப்பதில்லை. அவன் தொல்லையும் தீர்ந்தது.

என் பரிந்துரை: மெசியானிசம் = பார்த்திருப்புக் கொள்கை. மெசியா, மஹ்தி இரண்டும் அப்படியே இருக்கட்டும், பொதுப்பெயர் வேண்டாம்.

> ‘காத்திருப்பு’ பழகிய சொல்லாயிற்றே?

காத்திருப்போர் பட்டியல் என்று ரயில்வே அதை எடுத்துக்கொண்டுவிட்டது. எங்கள் அத்தா மீனாட்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “மஹ்தி வந்தாலும் இது வராது” என்பார். அது காத்திருப்பு. பார்த்திருப்பில் கண் வழிமேல் இருக்கிறது.

வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன். ‘தன்னை மெசியா என்று அறிவித்த சப்பத்தாய் ஸ்வியின் பார்த்திருப்பு இயக்கம், 1666இல் அவர் இஸ்லாத்தைத் தழுவியதும் சிதறியது.’ ‘1881இல் சூடானில் முகம்மது அகமது தன்னையே மஹ்தி என்று அறிவித்தார், அங்கே பார்த்திருப்பு, ஆட்சியாகவே மாறியது.’ இரண்டிலும் உறுத்தவில்லை.

உலகின் கடைசிக் காலம் பற்றிய இயலான எஸ்கடாலஜிக்கு வந்த ‘இறுதியியல்’ மட்டும் வேண்டாம். இறுதிச் சடங்கு, இறுதி ஊர்வலம் என்றுதான் காதில் விழும். ‘இறுதிநாளியல்’ போதும், ‘மறுமையியல்’ ஆகாது. மறுமை இந்த உலகத்துக்கு அப்பால், நாம் பேசுகிற ஆள் இந்த மண்ணுக்கே வரவேண்டியவர்.

வண்டிப்பெரியாறு அம்மாவிடம் ஒரு கேள்வி. பார்த்திருப்பவரைக் குறிக்கப் ‘பார்த்திருப்பர்’ என்றால் வினைமுற்றாகப் படித்துவிடுவார்களே, ‘பார்த்திருப்போர்’ என்று பன்மையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

(புதுநகரம், பாலக்காடு)