பேரே வைக்காத குழந்தைக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் என்ன பேர்?

காரைக்குடிக்காரி:
அக்காவுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் 2 கிலோவுக்குக் கீழே, இன்குபேட்டரில். கைப்பட்டையில் 'மீனாட்சி குழந்தை 1', 'குழந்தை 2' என்றுதான் இருக்கிறது. அதே வார்டில் இன்னும் இரண்டு மீனாட்சி! மருந்து மாறிவிடாதா?

தேவகோட்டை நர்ஸ்:
பயம் நியாயம்தான். நியூயார்க்கில் வெறும் 'பெண் குழந்தை' என்று பதிவதை விட்டு அம்மாவின் முதல் பெயரைச் சேர்த்ததும், ஆள் மாறி மருந்தோ பரிசோதனையோ எழுதுவது சுமார் 36 சதவீதம் குறைந்ததாக 2015 ஆய்வு சொல்கிறது. ஆனால் இரட்டையருக்கு ஆபத்து கூடுதல் என்று 2019-ல் இன்னொன்று. ஒவ்வொரு ஊசிக்கும் பட்டை எண்ணைப் பார்க்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

பள்ளத்தூரான்:
நம்ம ஊரில் அப்பத்தா பேரையே பேத்திக்கு வைத்தால் மீனாட்சியும் விசாலாட்சியும் பெருகத்தானே செய்யும்!

காரைக்குடிக்காரி:
சரி நர்ஸ் அக்கா, பட்டை எண்ணைப் படம் எடுத்து வைத்துவிட்டேன்.