தலையில் அடிபட்ட தம்பிக்கு ஸ்டெம் செல் ஊசி: நகையை அடகு வைக்கலாமா?

உப்புவெளிக்காரி:
போன வருஷம் சித்திரையில், இரவு பத்து மணிக்கு, நிலாவெளி வீதியில் படுத்திருந்த மாட்டில் தம்பியின் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. ஹெல்மட் போட்டிருந்தான், பட்டியைக் கொழுவவில்லை. பன்னிரண்டு நாள் நினைவில்லை. இப்போது நடக்கிறான், ஆனால் வலது கை விரல்கள் சொல்வழி கேட்பதில்லை. பேசும்போது சொல்லைத் தேடுகிறான். படகு எஞ்சின் திருத்துகிற பிள்ளை, ஒரு பிளக் கழற்ற இன்னொருவனைக் கூப்பிடுகிறான்.

கனடா மாமா ஒரு வீடியோ அனுப்பினார். வேறு கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லையும், மிக நுண்ணிய நனோ துகளையும் வைத்து எலியின் மூளைக்காயத்தை ஆற்றுவது பற்றி ஒரு விஞ்ஞானி பேசுகிறார். அடுத்த வாரமே ஒரு முகவர், இந்தியாவில் மூன்று ஊசி, பதினெட்டு லட்சம் என்கிறார். அம்மா தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டார். இந்த இரண்டும் ஒன்றுதானா?

ஆய்வுகூடத்தான்:
இல்லை தங்கச்சி. நானும் திருகோணமலைதான், லிங்கநகர். இந்தத் துறையில்தான் வெளிநாட்டில் வேலை.

மூளைக்கு இரண்டு அடி விழும். மாட்டில் மோதிய நொடியில் விழுந்தது முதலாவது. அப்புறம் நாட்கணக்கில் வீக்கமும் அழற்சியும் சேர்ந்து, தப்பிய கலங்களையும் கொல்வது இரண்டாவது. எங்கள் ஆய்வில் பெரும்பகுதி அந்த இரண்டாவதைத் தடுக்கத்தான். குருதிக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு வழக்கமாகப் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. அடிபட்ட புதிதில் அது ஒழுகும். அந்த நேரம் பார்த்து, நூறு நனோமீற்றருக்குள் அடங்கும் துகளில் மருந்தை ஏற்றி அனுப்பப் பார்க்கிறோம். தம்பிக்கு அந்த நேரம் எப்போதோ போய்விட்டது.

போடும் ஸ்டெம் செல் புது நரம்பாக முளைக்கும் என்று முகவர் சொல்லியிருப்பார். ஆனால் எலும்பு மச்சையிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களைக் குருதி நாளத்தில் ஏற்றினால், பெரும்பகுதி மூளைக்குப் போகாமல் நுரையீரலில் சிக்கிவிடும். பழைய காயத்துக்கு ஜப்பான் 2024இல் ஒரு கலச் சிகிச்சையை நிபந்தனையோடு அனுமதித்தது உண்மை. ஆனால் அது மண்டையோட்டில் துளையிட்டு, காயத்தின் ஓரத்தில் நேரே வைப்பது.

எலியை நம்பி நாங்களே சூடுபட்டிருக்கிறோம். புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹோர்மோன் எலியில் அருமையாக வேலை செய்தது. 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் மனிதருக்கு ஒன்றும் செய்யவில்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மருந்து இன்னும் மோசம். வருஷக்கணக்காகக் கொடுத்துவந்தார்கள், 2004இல் பத்தாயிரம் பேரில் சோதித்தால், மருந்து பெற்றவர்களிடையே இறப்புத்தான் கூடியிருந்தது!

இது ஒரு ஆய்வு என்றால், அதன் பதிவு எண்ணை முகவரிடம் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை.

கிண்ணியா மீனவன்:
வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது எங்களிடமும் ஒருவர் வந்தார். ஒன்பது லட்சம் கொடுத்தோம். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தது, வேறொன்றும் வரவில்லை. என்ன ஊசி என்று துண்டில்கூட எழுதித் தரவில்லை. பிறகு பிசியோ பிள்ளை சொன்னபடி, தினமும் இருநூறு தரம் கோப்பையைத் தூக்கி வைத்தார். இப்போது தேத்தண்ணி தானே குடிக்கிறார்.

உப்புவெளிக்காரி:
பதிவு எண் கேட்டேன். "நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கோ" என்று போனை வைத்துவிட்டார். அம்மாவுக்கு என்னோடுதான் கோபம்.

இன்னொன்று. திருமலைப் பக்கம் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் யாரையும் தெரிந்தால் எழுதுங்கள். முன்பு கொடுத்தவர் நல்ல பொறுமைசாலி, ஆனால் அவருக்குச் சிங்களம்தான் ஓடும். தம்பி தேடுகிற சொல் தமிழில் இருக்கிறது.