பெடல் ஸ்டீல் வந்தாச்சு, லீட் கிட்டார் கை அடங்க மாட்டேங்குது

அல்சூர்_ஆறுகம்பி:

மக்களே, பதினாறு வருஷமா ராக் கிட்டார். சனிக்கிழமை பெங்களூரு கோரமங்களா, இந்திராநகர் பப்புல வாசிப்பு, மத்த நாள் ஐடி கூலி. போன மாசம் அமெரிக்காவிலேர்ந்து மாமா ஒரு பழைய பெடல் ஸ்டீலைத் தூக்கிட்டு வந்தார். மேசை மாதிரி படுக்க வெச்சு, 'பார்'னு ஒரு இரும்பு உருளையைக் கம்பி மேல நகர்த்தி, காலால பெடலை மிதிச்சு சுருதியை மாத்துற கிட்டார். ஒத்தைக் கழுத்து, பத்து கம்பி, ஈ9ங்கிற ட்யூனிங் (கம்பிகளோட சுருதி அமைப்பு), மூணு பெடல், நாலு முழங்கால் லீவர். 1973ல வந்த பிங்க் ஃப்ளாய்டோட 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்துல டேவிட் கில்மோர் ஸ்டீலை மிதக்க விடுவாரே, அந்த ஆசைதான்.

நடந்தது வேற. ட்யூனர்ல பத்து கம்பிக்கும் பச்சை விளக்கு வாங்கிட்டுத்தான் உட்கார்றேன். கார்டு அடிச்சா புளிச்ச மாவு. ஏ, பி ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சா, சம்பந்தமே இல்லாத ஈ கம்பி கொஞ்சம் இறங்குது. டிஸ்டார்ஷன் போட்டா எஸ்.பி. ரோட்டுல இரும்பு அறுக்கிற சத்தம்.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க. வெறுங்காலோட மிதிச்சா அரை மணி நேரத்துல பாதம் கன்னிப்போகுது. ஷூ போட்டா அம்மா "சாமி ரூம் பக்கத்துல செருப்பா?"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

பீன்யா_பத்துகம்பி:

தம்பி, நானும் லீட் கிட்டார்லேர்ந்து தாவினவன்தான், அந்த உரிமையில சொல்றேன். மொதல் மூணு மாசம் வைப்ரேட்டோவை மறந்துடுங்க. நம்ம ஆளுங்க இடது கையை ஆட்டி ஆட்டித்தான் சுருதித் தப்பை மறைப்போம். நான் ரெண்டு வருஷம் மறைச்சேன்.

கிட்டார்ல விரலை எடுத்தா சத்தம் நின்னுடும். இங்க பாரைத் தூக்கினாலும் கம்பி கத்திக்கிட்டே இருக்கும், நீங்களா நிறுத்தினாத்தான் நிக்கும். வலது கைக்குப் பாதி வேலை மீட்டுறது, மீதிப் பாதி அமுக்குறது. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம் ஒவ்வொரு தடவையும் கம்பி மேல படுத்து எழுந்திருக்கணும். இடது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னாடி கம்பியைத் தடவிக்கிட்டே வரணும், இல்லேன்னா அந்தப் பக்கத்துத் துண்டுக் கம்பி தனியா முனகும். நீங்க புளிப்புன்னு சொல்றதுல பாதி இதுதான்.

மீதிப் பாதி உங்க பச்சை விளக்கு. ட்யூனர் சொல்ற ஜி ஷார்ப், ஈ மேஜருக்கு ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு செமிடோனை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட்) அதிகம். ஆறு கம்பி கிட்டார்ல நோட்டு சீக்கிரம் தேய்ஞ்சுடும், காது விட்டுடும். ஸ்டீல்ல நீளமா நிக்கும், விடாது. ஈயை ட்யூனர்ல வைங்க, ஜி ஷார்ப்பை அதோட சேர்த்து அடிச்சு, 'வாவ் வாவ்'னு அலையறது அடங்கற வரைக்கும் இறக்குங்க. பெடல் ஸ்வரங்களை பெடலை மிதிச்சு வெச்சுக்கிட்டே வலது கைப் பக்கக் கடைசியில இருக்கிற நைலான் நட்டுல திருப்பணும். ஈ இறங்குறது கோளாறே இல்ல. பெடல் கம்பியை இழுக்கும்போது ஸ்டீலோட உடம்பு ஒரு மயிரிழை வளையுது, மத்த கம்பி தளருது. எல்லா ஸ்டீல்லயும் கொஞ்சமாவது உண்டு, பழசுல கூடவே.

இப்ப பெடல். அஞ்சாவது கம்பி பி, ஏ பெடல் அதை சி ஷார்ப்புக்கு ஏத்தும். நாலாவது கம்பி ஈயோட சேர்த்து அடிச்சுட்டு ஏ பெடலை மெதுவா மிதிங்க. ஒண்ணு அப்படியே நிக்க, இன்னொண்ணு ஏறும். அந்த அழுகைதான் பெடல் ஸ்டீல். 1954ல அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸோட 'ஸ்லோலி' பாட்டுல ஸ்டீல் வாசிச்ச பட் ஐசக்ஸ் இதைத்தான் செஞ்சு ஊரையே திரும்பிப் பார்க்க வெச்சார். நீங்க வழக்கமா விரல்ல இழுக்கிற பென்டு இப்ப கணுக்காலுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான். டமால்னு மிதிச்சா வண்டி பிரேக் மாதிரிதான் கேட்கும்.

வெறும் ஸ்கேல் ஓட்டாதீங்க. ஜி மேஜரை மூணு இடத்துல பிடிங்க: 3வது ஃப்ரெட்ல பெடல் இல்லாம, 6ல ஏ பெடலும் ஈயை எஃப் ஆக்குற லீவரும், 10ல ஏ, பி ரெண்டும். இந்த மூணுக்கும் நடுவுல வழி தேடுறதுலயே ஒரு வருஷம் போகும்.

பார் கையில சரியா அமரலைன்னா என்னை மாதிரி முட்டாள்தனம் பண்ணாதீங்க. இங்க பக்கத்து லேத்துல 22 மில்லி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடைக் கடைஞ்சு வாங்கினேன். கண்ணுக்குப் பளபளன்னுதான் இருந்துது. கம்பியில வெச்சதும் கடைசல் கோடு ஒவ்வொண்ணும் ஆம்ப்புல 'கர்ர்'னு பேசிச்சு. பஃப் போட்டு முகம் தெரியற அளவுக்குத் தேய்ச்சப்புறம்தான் வாயை மூடிச்சு.

ஹெப்பாள்_ஒயர்மேன்:

அண்ணன் சத்தத்தைத் தொடல, நான் சொல்றேன். ஸ்டீல் பிக்கப் நம்ம கிட்டார் பிக்கப்பை விடச் சூடானது, ஆம்ப்புல சிக்னலை ஏத்துற கெயின் திருகைப் பாதி வெச்சாலே கிழிய ஆரம்பிச்சுடும். கெயினைக் குறைங்க, ட்ரெபிளையும் குறைங்க. டிஸ்டார்ஷனோட மூணு கம்பி வேண்டாம், ரெண்டு போதும். ஓவர்டிரைவை (சத்தத்தைக் கிழிக்கிற பெட்டி), காலால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்யூம் பெடலுக்கு முன்னாடி வைங்க. பின்னாடி வெச்சா, பெடலைத் தூக்கத் தூக்க அழுக்கு மறைஞ்சு நோட்டு சப்புன்னு ஆயிடும்.

வால்யூம் பெடலை ஒரேயடியா அமுக்கி வைக்கிறதுதான் ராக் ஆளுங்க பண்ற தப்பு. பாதியில ஆரம்பிங்க. நோட்டு சாகச் சாக மிச்சத்தைக் கொடுங்க.

மல்லேஸ்வரம்_கோட்டுவாத்தியம்:

அண்ணா, நான் சித்திரவீணை (கோட்டுவாத்தியம், கட்டையைக் கம்பி மேல நகர்த்தி வாசிக்கிறது) கத்துக்கறேன், பெடல் ஸ்டீல் தொட்டதுகூட இல்ல. ஆனா பத்துகம்பி சார் சொன்ன 'பின்னாடி தடவுற விரல்' எங்களுக்கும் பழக்கம்தான், படிக்கும்போதே சிரிப்பு வந்துடுச்சு. ஒண்ணு மட்டும்: கிட்டார்ல ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி அமுக்குவீங்க, இதுல பாரை ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேல வெக்கணும். சாய்வா உட்கார்ந்து பார்த்தா கண்ணே ஏமாத்தும். சுருதிப் பெட்டியில ஈ போட்டு, விளக்கை அணைச்சுட்டு அஞ்சாவது ஃப்ரெட்டுல போய் நின்னு பாருங்க. எங்க டீச்சர் எங்களை இப்படித்தான் படுத்துவாங்க.

அல்சூர்_ஆறுகம்பி:

பத்து நாள் ஆச்சு. ஜி ஷார்ப்பை இறக்கினதும் ஆம்ப்பே மாத்தின மாதிரி இருக்கு, நம்பவே முடியல. பிளாக்கிங் (கம்பியை அமுக்கி நிறுத்துறது) இன்னும் கந்தரகோளம். இருட்டுல அஞ்சாவது ஃப்ரெட் தேடி நாலரையில நிக்கிறேன்.

ஷூ பஞ்சாயத்து முடிஞ்சுது. மெல்லிசு அடி வெச்ச கேன்வாஸ் ஷூ ஒண்ணு புதுசா வாங்கி, தெருவுல போடவே மாட்டேன்னு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, துணிப்பையில போட்டு ஆம்ப் பின்னாடி வெச்சிருக்கேன். "அதைப் போட்டுட்டு கிச்சன் பக்கம் வராத"ன்னு மட்டும் உத்தரவு.

நேத்து ராத்திரி பி பெடலை மிதிச்சப்போ மூணாவது கம்பி பட்டுன்னு அறுந்துடுச்சு. ஸ்டீல் கம்பி இங்க எங்க கிடைக்கும்?

பீன்யா_பத்துகம்பி:

அதுதான் எப்பவும் அறும். அலையாதீங்க, கிட்டார் கடையில ஒத்தைக் கம்பியா 11 கேஜ் (0.011 இன்ச் தடிமன்) பிளெயின், அதாவது சுத்து இல்லாத கம்பி, கேளுங்க, அதுவே போதும். ஒரு டஜனா வாங்கி வெச்சுக்குங்க.